டிவியைக் கழற்றச் சொன்ன அக்கா

பாரில் வேலை பார்ப்பவனிடம் பெண்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கன்னட ஊரில் தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் அந்தக் கடையின் கல்லாவில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் வாங்காத சாபம் இல்லை. என் புருஷனுக்கு ஊற்றாதே என்பார்கள். நீ விளங்குவியா என்பார்கள். வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒருத்தி வாயே திறக்காமல் உள்ளே வந்து, புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி, அவன் மிச்சம் வைத்த ஆம்லெட்டையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும். அந்த அக்கா கேட்டதற்குத்தான் தெரியவில்லை.

காலையில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாக வந்தாள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டும் நீலச் சேலை, கையில் டிபன் பை. சுவரில் மாட்டியிருந்த டிவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தம்பி, இத்த கயட்டிடறீங்களா?”

“எதுக்குக்கா?”

“எங்க வூட்டுக்காரரு இத்த பாத்துக்கினு உக்காந்துடறாரு.”

கேட்டுவிட்டு நின்றாள். அழவில்லை, திட்டவில்லை, இன்னொரு முறை கேட்கவும் இல்லை. அவள் நின்ற அந்த நிற்பை எப்படிச் சொல்வது? நான் ஸ்டாக் பார்ப்பதுபோல நடித்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்கிறாள். “என் கையில இல்லக்கா, ஓனரக் கேக்கணும்” என்றேன். “ஓனரு எத்தினி மணிக்கு வருவாரு?” என்றாள். ஆளைத் தட்டிக்கழிக்கலாம், அடுத்த ஆள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நகருவாள்.

பிறகுதான் தெரிந்தது, ஊரோடு அவள் அப்படித்தான் என்று. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தம் கிடையாது, அரை மைல் தள்ளித்தான். எல்லா ஆயாக்களும் நடந்தார்கள். இவள் டிரைவரிடம் போய், “இங்க ஒரு செகண்ட் நிறுத்துங்களேன்” என்று கன்னடத்தில் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த பஸ் அங்கே நின்றது. தெருவில் குழி தோண்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன ஆட்களைத் தேடிப்போய், சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, கையோடு கூட்டிவந்து மூட வைத்தாள். மாதா கோயில் ஃபாதரிடம் போய், காலையில் மணி அடிக்கிறீர்களே, என் வீட்டுக்காரர் பேரையும் ஜெபத்தில் ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாளாம். நாம் இந்துக்களாச்சே என்று அவள் மகள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஃபாதர் சொன்னார் என்றுதான் கேள்வி.

கேட்பதில் வெட்கம் பார்க்காத ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இவளிடம் அந்த எரிச்சலை ரொம்ப நேரம் பிடித்துவைத்திருக்க முடியவில்லை. தனக்காக அவள் கேட்டது அந்த பஸ் ஒன்றுதான்.

வீட்டுக்காரரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை யாரும் அவருக்காகப் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். அந்த வருஷம் கார்த்திகையில் அவர் போய்விட்டார். ஈரல். நல்ல மனிதர் என்பதுதான் கொடுமை. குடித்துவிட்டு யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மனைவி மேல் கை ஓங்கியதில்லை. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். வேலைக்குப் போன நாட்களில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் கடை முகப்பில் நின்று குடிக்கும் கவுண்டர் இருக்கிறதே, அதில் நின்று ஒன்றைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். பத்து நிமிஷ வேலை. உள்ளே மேசை நாற்காலி போட்டு டிவி மாட்டியபிறகுதான் அவர் உட்கார ஆரம்பித்தார்.

அக்காவின் கட்சி இதுதான். ஓனரிடமும் இதைத்தான் சொன்னாள். “குடிக்காதேன்னு நான் சொல்லலீங்க. நின்னு குடிச்ச வரைக்கும் வூட்டுக்கு வந்தாரு. டிவி வந்தப்பறம் உக்காந்துட்டாரு. உக்காந்தா ஒரு ஓவருக்கு ஒரு வாயி, ஒரு அவுட்டுக்கு ஒரு வாயி. கிளாஸு காலியானா உங்க பையனுங்க வந்து ஊத்திட்டுப் போறாங்க. அவரு கேக்கக்கூட இல்ல.”

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. டிவி மாட்டியதே அதற்குத்தான். எங்கள் ஓனர் ராமநகரம் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், மறுக்கும்போது மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். “ஆகல்லம்மா” என்றார். முடியாதாம்.

டிவி பாருக்கு வேண்டும் என்பது என் கட்சி. அதை அக்காவிடமே சொன்னேன். குடிக்க வருகிறவன் எல்லாம் பேச வருவதில்லை. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டும். சுவரில் ஒன்றும் இல்லையென்றால் எதிர் மேசைக்காரன் முகத்தில் வைப்பான், என்னடா முறைக்கிறாய் என்று அவன் எழுவான், நாற்காலி உடையும். அந்த டிவி தடுத்த சண்டைகள் எனக்குத்தான் தெரியும். அதுவே சண்டையைக் கிளப்புகிற நாட்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. காவிரித் தண்ணீர்ச் செய்தி வந்தால் போதும், ரிமோட்டைத் தேடி நான் பறப்பேன். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம், எல்லார் வயிற்றிலும் சரக்கு. விலங்குகள் சேனலை வைத்துவிடுவேன். சிங்கம் மானைத் துரத்துவதை இரண்டு மாநிலமும் ஒற்றுமையாக உட்கார்ந்து பார்க்கும்.

நான் சொன்னதை எல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“நீ சொல்றது கரெக்டுதான் தம்பி. ஆனா நான் ஆம்பள வார்டுல இருக்கேன். வயிறு வீங்கிக்கினு வர்றவங்க எப்படி வர்றாங்க, எப்படிப் போறாங்கன்னு தெனம் பாக்கறேன். துணி மாத்தறதே நான்தான். எங்க வூட்டுக்காரருக்குக் கால் வீங்கிடுச்சு. இப்ப சொல்லு, கயட்டிடறியா?”

நான் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஓனரும் நானும் கைவிரித்தபிறகு கேபிள்காரனைப் பிடித்தாள். கடைக்கு வரும் ஒயரைப் பெரிய மேட்ச் நாளில் பிடுங்கிவிடு என்று கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு அவன் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறாள். சின்ன வயசுக்காரன், தாங்கமுடியாமல் பிடுங்கியே விட்டான். கடை நிறைந்திருந்த நேரம், படம் போயிற்று. கூச்சல். ஒருவன் கிளாஸை சுவரில் அடித்தான். நான் கேபிள்காரனுக்கு போன் போடுகிறேன், எடுக்க மாட்டேன் என்கிறான். அப்போது வீட்டுக்காரர் எழுந்தார். வீங்கிய காலோடு ஸ்டூலைப் போட்டு ஏறினார். டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறார். மொத்தக் கடையும் “அண்ணா, லெஃப்டு! அண்ணா, அந்த வெள்ள ஒயரு!” என்று கத்துகிறது. அவர் கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாத ஒயரை எங்கே கண்டுபிடிப்பது? இறங்கும்போது வேர்வையில் குளித்திருந்தார். பாவம் என்று யாரோ அவருக்கு ஒரு பெரிய பெக் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. “ஸ்டூலு கெட்டியா புடிச்சாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து, குடிக்க வருகிறவர்களையே கேட்டாள். கடைக்குத் திரும்பும் முனையில், வேலை முடிந்து வந்த சேலையோடு நின்றுகொண்டு, தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினாள். “அண்ணே, அவரு பக்கத்துல உக்காராதீங்க. பேச்சுக்கு ஆளு இல்லாட்டி பேஜாராயி எழுந்து வந்துடுவாரு.” அந்த ஆட்கள் வெட்கப்பட்டுப்போய் அப்படியே செய்தார்கள். அவர் மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகள் காலி. அவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார், அவர்கள் வேறு பக்கம் போனார்கள். என்ன செய்துவிட்டோம் என்று புரியாமல் அவர் டிவியைப் பார்த்து உட்கார்ந்தார். பேச்சுக்கு ஆள் இருந்தால் கிளாஸ் கொஞ்ச நேரம் மேசையில் இருக்கும். அன்றைக்கு அது கீழே இறங்கவே இல்லை. மறுநாள் முனைக்குப் போய், பக்கத்தில் உட்காருங்கள் என்று அதே ஆட்களைக் கேட்டாள். பைத்தியமா இந்த அம்மாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பைத்தியம் இல்லை. வழி தெரியாமல் அலைந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த ஒவ்வொரு கட்டமும் வீட்டில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது, கண்ணில் மஞ்சள், கையில் நடுக்கம், ஒருநாள் ரத்த வாந்தி.

டிவியை அவள் எப்படிக் கழற்ற வைத்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. வரமகாலட்சுமி நோன்பு. கன்னடக்காரர்கள் வீட்டில் அன்றைக்கு மகாலட்சுமியை அலங்கரித்து உட்காரவைத்து, வருகிற சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமமும் தாம்பூலமும் கொடுப்பார்கள். யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள், அம்மனே வந்ததாகக் கணக்கு. அக்கா தலைக்குக் குளித்து, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஓனர் வீட்டுக்கே போய்விட்டாள். ஓனரின் மனைவிக்கு அவளை யாரென்று தெரியாது. உட்காரவைத்து, குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்கள். அக்கா வாங்கவில்லை.

“அம்மா, இந்தக் குங்குமம் என் நெத்தில நிக்கணும்னா உங்க வீட்டுக்காரர் கடைல இருக்கற டிவிய எடுக்கச் சொல்லுங்க. அப்பறம் வாங்கிக்கறேன்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நீட்டிய தட்டுக்கு முன்னால் நின்றாள்.

சாமிக்கு முன்னால், வந்த சுமங்கலி தாம்பூலம் வாங்காமல் நிற்கிறாள். நீட்டிய தட்டை அந்த அம்மாள் கீழே வைக்கவும் முடியாது. உள்ளேயிருந்த ஓனரை அழைத்து, அங்கேயே, மகாலட்சுமிக்கு முன்னால் வாக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் அக்கா தட்டை வாங்கினாள்.

மறுநாள் காலையில் ஓனர் கடுகடுவென்று வந்து, டிவியைக் கழற்றித் தன் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். சுவரில் ஒரு வெளுத்த கட்டம் மிச்சம். முதல் இரண்டு நாட்கள் வந்தவர்கள் எல்லாம் பழக்கத்தில் அந்தக் கட்டத்தையே பார்த்துக் குடித்தார்கள். பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் சொன்னபடி ஒரு சண்டையும் வந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் வந்தார், சீக்கிரம் எழுந்து போனார். மூன்றாம் நாள் வரவில்லை. அக்கா ஒரு தூக்கு நிறைய கேசரி கொண்டுவந்து சமையல்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். முன்பல் ஒன்று உடைந்திருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரம் தாங்கியது அந்தக் கேசரி.

பிறகு ஒரு காலையில் சமையலறைக் கதவு வழியாக வந்தாள். டிவி இருந்த சுவரைப் பார்த்தாள்.

“தம்பி, மறுபடி மாட்டிடறீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாக்கா வெளாட்றீங்களா? உங்களுக்காகத்தான ஓனரு கயட்டினாரு?”

“அவரு இப்ப மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட போறாரு. புதுசா தொறந்திருக்காங்க இல்ல, அங்க. செவுரு அகலத்துக்கு டிவியாம். இங்கன்னா நீ இருக்க. ஜாஸ்தி ஆனா பையன அனுப்பி வூட்ல கொண்டாந்து விடுவ. அங்க அவர யாருக்கும் தெரியாது தம்பி. நேத்து ரோட்ட தாண்டச்சொல்ல உய்ந்துட்டாரு. யாரும் தூக்கல.”

இத்தனை நாள் அவள் எங்களைத் திட்டாமல் இருந்ததற்குக் காரணம் அன்றைக்குப் புரிந்தது. அவருக்கு ஊற்றிக்கொண்டிருந்த எங்களைத்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்றும் அவள் நம்பியிருந்தாள். ஓனரிடம் அவளுக்காக நானே கேட்டேன். வாக்குக் கொடுத்தது மகாலட்சுமிக்கு, உனக்கும் அந்த அம்மாவுக்கும் அல்ல, திருப்பி மாட்டினால் என் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். ஆகல்ல.

அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “அப்ப நீ அங்க வேலைக்குச் சேந்துடறியா?” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு ஆள் வேணுமா என்று அந்தக் கடையில் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். நல்ல ஆள், நம்பிக்கையான ஆள், நான் கூட்டிவருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். “சம்பளம் கூட இங்கத்தவிட ஜாஸ்திதான் தம்பி. போயிடேன். அவருக்குக் கொஞ்சம் தண்ணி கலந்து குடு. போதும்னு தோணுச்சுன்னா எழுப்பி அனுப்பிடு. உனக்குத்தான் தெரியும் அவருக்கு எது ஜாஸ்தின்னு.” புருஷனைக் காப்பாற்ற அவளிடம் மிச்சமிருந்த யோசனை அதுதான்.

வேலைக்குச் சேரவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது, புதுக்கடையை நம்பிப் போக முடியாது. ஆனால் அடுத்த லீவு நாளில் மத்தியானம் அங்கே போனேன். குளிரூட்டிய ஹால், நடுவில் ஆளுயர மேசைகள், எதிரே சுவர் முழுக்க மைதானம். வீட்டுக்காரர் ஓரத்தில் தனியாக இருந்தார். மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் தனியாக முன்னால் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டார்.

“வா வா. நீ இன்னா இங்க?”

“உங்க வூட்டுல அக்கா அனுப்பிச்சாங்கண்ணா.”

மைதானத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். “தெரியும். அல்லார்கிட்டயும் கேக்கறா. உங்க ஓனரு, கேபிள் பையன், ஃபாதரு. இந்தக் கடை மேனேஜரு கூட சொன்னாரு.” ஒரு பந்து போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. “என்னத் தவிர.”

“இன்னாண்ணா?”

“என்கிட்ட அவ ஒரு நாளும் கேட்டதில்லப்பா. குடிக்காதேன்னு, போகாதேன்னு, ஒரு வார்த்த. கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?”

கிளாஸைக் கையில் எடுத்தார், நடுக்கத்தில் கொஞ்சம் சிந்தியது, மேசையில் வைத்துவிட்டார்.

“தெரிலப்பா. கேட்டிருக்கலாம்.”

எனக்கு அதுவே பெரிய வழி கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. இத்தனை ஆட்களைக் கேட்டு அலைந்தவள், கேட்கவேண்டிய ஆளை விட்டுவிட்டாளே! ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷிஃப்ட் முடிந்து, கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

“ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் கீறாரு. பேசிட்டு வந்தேன். நீங்க அவருகிட்ட கேக்கவே இல்லியாமே?”

டிபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“கேட்டிருக்கலாம்னு அவரே சொல்றாருக்கா. இன்னிக்கே போய்க் கேளுங்க. எனக்கென்னமோ வுட்டுடுவாருன்னு தோணுது.”

எங்கேயும் நின்றே நான் பார்த்த அந்த அக்கா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் வந்து அவளுக்காக நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் நிமிரவில்லை, பஸ் போய்விட்டது.

“உங்க ஓனரு முடியாதுன்னாரு. சரி, அவரு பொண்டாட்டியக் கேக்கலாம்னு போனேன். நீ வேலைக்கு வரமாட்டேன்ன. சரி, வேற யாரையாச்சும் பாக்கலாம்னு இருக்கேன். யாரு இல்லன்னாலும் எனக்கு அடுத்து ஒரு ஆளு இருக்கு தம்பி.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “நேரா அவருகிட்டயே கேட்டு, அவரும் முடியாதுன்னுட்டா, அதுக்கப்பறம் நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?”